ஊழியர் பக்கங்கள் காலியாக இருந்தன: என் அனுபவம்
எங்கள் இன்ட்ராநெட், அதாவது அலுவலக உள் இணையதளம், மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் 2016 மென்பொருளில் ஓடுகிறது. ஊழியர் பக்கத்தைத் திறந்தால் பெயர் மட்டும் இருக்கும். பதவி, துறை, மேலாளர் எல்லாம் காலி. இந்த விவரங்களைக் கையாளும் யூசர் ப்ரொஃபைல் சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுவனத்தின் பயனர் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து விவரங்களை இழுத்துவரும் கணக்குக்கு, அங்குள்ள மாற்றங்களைப் படிக்க உதவும் 'ரெப்ளிகேட் டைரக்டரி சேஞ்சஸ்' அனுமதி இல்லை என்பதுதான் கோளாறு. அதைக் கொடுத்து முழு இம்போர்ட் (எல்லா விவரங்களையும் மறுபடி இழுப்பது) ஓடவிட்டதும் பதவியும் துறையும் வந்துவிட்டன.

மேலாளர் பெயர் மட்டும் பலருக்கு வரவில்லை. தேடிப் பார்த்தால் டைரக்டரியிலேயே அந்த இடம் காலி. மனிதவளத் துறையிடம் பட்டியல் வாங்கி, பவர்ஷெல் கட்டளைகள் மூலம் டைரக்டரியிலேயே நிரப்பினோம். ப்ரொஃபைலில் நேராகத் திருத்தலாமே என்றார்கள் சிலர். மூலத்தை விட்டுவிட்டு நகலைத் திருத்துவது வீண் வேலை. யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்ற நிறுவன வரைபடமே இந்த ஒரு விவரத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து நேராக இழுக்கும் இந்த வகை இம்போர்ட்டில் புகைப்படம் வராது. அவரவர் ஏற்றட்டும் என்று விட்டோம்; முகத்தைக் காட்டுவது அவரவர் விருப்பம். கைப்பேசி எண்ணையும் 'நான் மட்டும்' என்று வைத்தோம்.

அப்புறம் சமூக வசதிகள். 'ஃபாலோ பீப்பிள் அண்ட் எடிட் ப்ரொஃபைல்' அனுமதியை எல்லா ஊழியர்களுக்கும் கொடுத்த பிறகுதான் தங்களுக்குத் தெரிந்த விஷயங்களைக் குறிக்கும் 'ஆஸ்க் மீ அபவுட்' பகுதியை அவர்களால் நிரப்ப முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு துறையில் யாரைக் கேட்கலாம் என்று தேடினால் ஆள் கிடைக்கிறார். ஆனால் பக்கங்களைப் படித்துத் தேடலில் சேர்க்கும் க்ரால் ஒருமுறை ஓடி முடியும்வரை புது விவரம் தேடலில் வராது, பொறுத்திருங்கள்.