சர்வரில் விடிஒய் லைன்களை அமைப்பது எப்படி?

சிஸ்கோ ஆக்சஸ் சர்வரில் கன்சோல் போர்ட் கண்ணுக்குத் தெரியும், கேபிளைச் செருகிவிடலாம். நெட்வொர்க் வழியாக லாகின் செய்பவர்கள் வந்து சேரும் போர்ட்டுகளோ மென்பொருளுக்குள் மட்டுமே இருப்பவை. அவற்றுக்கு விடிஒய் லைன் என்று பெயர். ஒரு லைனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கன்சோலில் நுழைந்து 'ஷோ லைன்' கொடுங்கள். 0 முதல் 4 வரை ஐந்து விடிஒய் லைன்கள் இருக்கும். பல கருவிகளில் 15 வரை போகும்.

2. அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் மோடுக்குப் போய், முதலில் ஒரு பயனரை உருவாக்குங்கள்: 'யூசர்நேம்', பெயர், 'சீக்ரெட்', கடவுச்சொல். இதை விட்டுவிட்டு லைனில் 'லாகின் லோக்கல்' போட்டால் நெட்வொர்க் வழியாக யாருமே உள்ளே வர முடியாது, நீங்கள் உட்பட.

3. எஸ்எஸ்எச் என்பது நெட்வொர்க் வழியாக மறையாக்கத்தோடு லாகின் செய்யும் முறை. அது வேலை செய்ய ஒரு மறையாக்கச் சாவி வேண்டும். ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் கொடுத்த பிறகு 'கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ மாடுலஸ் 2048'. அப்புறம் 'ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2'.

4. இப்போது லைன்கள். பலரும் பழக்கத்தில் 'லைன் விடிஒய் 0 4' என்று தட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 16 லைன் உள்ள கருவியில் இது ஆபத்து. எந்த லைன் வேண்டும் என்று உள்ளே வருபவர் தேர்ந்தெடுப்பதில்லை. காலியாக இருப்பதைக் கருவியே கொடுக்கிறது. முதல் ஐந்தும் நிரம்பியிருந்தால் அடுத்தவருக்கு 5-ஆம் லைன். அதில் யாரோ எப்போதோ விட்டுவைத்த டெல்நெட்டும் (பழைய லாகின் முறை) பழைய கடவுச்சொல்லும் இருந்தால், நீங்கள் போட்ட பாதுகாப்பு அங்கே இல்லை. அதனால் 'லைன் விடிஒய் 0 15' என்று மொத்தமாகப் பிடித்து, எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பைக் கொடுங்கள்:

- லாகின் லோக்கல்
- டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்
- எக்ஸெக்-டைம்அவுட் 5 0

டெல்நெட்டில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் அப்படியே போகும், அதனால்தான் எஸ்எஸ்எச் மட்டும். மூன்றாவது வரி, ஐந்து நிமிடம் சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டிக்கும். '0 0' என்று மட்டும் போடாதீர்கள். அப்படிப் போட்டால் துண்டிப்பே நடக்காது, மறந்துபோன இணைப்புகள் லைன்களைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

5. குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டும் அனுமதி என்றால், 'ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 192.168.10.0 0.0.0.255' (192.168.10 என்று தொடங்கும் முகவரிகள்) எழுதி, விடிஒய் லைன்களில் 'ஆக்சஸ்-கிளாஸ் 10 இன்' சேருங்கள்.

6. கன்சோலை மூடாமல், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் செய்து பாருங்கள். உள்ளே வர முடிகிறதா? சரி, இப்போது 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்'. வர முடியாவிட்டால் சேமிக்காமல் திருத்துங்கள்.

பின்னால் லைன்கள் நிரம்பிவிட்டால், 'ஷோ யூசர்ஸ்' யார் எந்த லைனில் என்று காட்டும். உங்கள் லைனுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அதை விட்டுவிட்டு, தேங்கி நிற்கும் லைனை 'கிளியர் லைன் விடிஒய் 2' என்பதுபோல விடுவியுங்கள்.