ட்ராக்மேனியா: 2003 முதல் என்னென்ன மாறின, மலையகத்து இணைப்பில் எதை எப்படி ஓட்டுவது

இணையத்தில் கார்ப் பந்தயம் ஆடும் மலையகப் பிள்ளைகளின் முதல் முறைப்பாடு ‘லேக்’. முன்னால் போகும் கார் தத்தித் தத்திப் போகிறது, முட்டாமலே முட்டியதாகக் காட்டுகிறது, வளைவில் யாரோ இடித்துத் தள்ளிவிடுகிறார்கள். இதில் பாதிப் பழி இணைப்பைச் சேராது, ஆட்டத்தின் அமைப்பைச் சேரும். கார்கள் ஒன்றையொன்று மோதும் ஆட்டமென்றால், எல்லாருடைய கார்களும் எங்கே நிற்கின்றன என்பதை எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். தாமதம் கூடினால் அந்த ஒப்பந்தம் உடையும்.

ட்ராக்மேனியா என்ற கார்ப் பந்தய ஆட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் காரை உங்கள் கணினியே கணக்கிடுகிறது. மற்றவர்களின் கார்கள் வெறும் நிழல்கள். அவற்றை ஊடுருவிப் போகலாம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மககஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தைப் போலத்தான் இதுவும்: ஒவ்வொருவரும் தனியே மணிக்கூட்டோடு மோதுகிறார்கள், கடைசியில் நேரங்களை ஒப்பிடுகிறார்கள்.

கொழும்பிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, போய்வர மட்டுமே 85 மில்லிசெக்கன் ஆகும். கேபிள் சுற்றிப் போகும் தூரத்தையும் 4ஜி இணைப்பின் தாமதத்தையும் சேர்த்தால் ‘பிங்’ (ஒரு சின்னச் செய்தி போய்வர எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில்) 150க்கு மேல் போவது சாதாரணம். எந்த பெக்கேஜ் போட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது. ட்ராக்மேனியாவில் அதனால் உங்கள் நேரம் ஒரு மில்லிசெக்கன்கூட மாறாது. இணைப்பு அறுந்துபோவதுதான் பிரச்சினை.

எந்தப் பதிப்பு

2003இல் வந்த முதல் ட்ராக்மேனியாவில் பாலைவனம், பனி, ராலி என மூன்று சூழல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கார். பாதையைக் கட்டும் எடிட்டர் அப்போதே இருந்தது. இந்தத் தொடரின் உயிர் அதுதான். 2006இல் இலவசமாக வந்த நேஷன்ஸ், ‘ஸ்டேடியம்’ சூழலையும் இன்று எல்லாரும் அறிந்த அந்தப் பந்தயக் காரையும் கொண்டுவந்தது. 2008 ஏப்ரலில் வெளியான நேஷன்ஸ் ஃபொரெவரும் இலவசம்: வெள்ளை, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என ஐந்து தொகுதிகளில் 65 பாதைகள். இடையில் வந்த கேன்யன் (2011), டர்போ (2016) இரண்டையும் இங்கே விட்டுவிடலாம். அடுத்த பெரிய மாற்றம் 2020 ஜூலை 1இல் வெளியான புதிய ட்ராக்மேனியா.

வீட்டில் இருப்பது 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய லேப்டொப் என்றால் யோசிக்காமல் ஃபொரெவரையே போடுங்கள். டவுன்லோட் அரை ஜிபி அளவுதான். நிறுவிய பிறகு இணையமே தேவையில்லை. அமைப்புகளில் ஷேடர் தரத்தை (காட்சியின் ஒளியையும் மினுக்கத்தையும் வரையும் தரம்) ஆகக் குறைந்த நிலையில் வையுங்கள். பாதை அழகாகத் தெரியாது, ஆனால் கார் தடங்கலின்றி ஓடும். இந்த ஆட்டத்துக்கு அதுவே முக்கியம்.

லயத்து வீட்டில் ஒரே கணினியைச் சுற்றி நாலு பேர் நிற்கும்போது ஃபொரெவரின் ‘ஹொட்சீட்’ முறை கைகொடுக்கும். ஒருவர் ஓடிவிட்டு அடுத்தவருக்குக் கதிரையைக் கொடுக்க வேண்டும். ஆட்டம் எல்லாருடைய நேரத்தையும் வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் டேட்டா இல்லாத ரவுட்டர் ஒன்றே போதும். எல்லாவற்றையும் அதில் இணைத்து, ஒன்றில் உள்ளூர் வலையமைப்பு சேர்வரைத் திறந்து, மற்றவற்றிலிருந்து உள்ளே வரலாம். சேர்வர் பட்டியலில் தெரியவில்லையா? காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: விண்டோஸ் ஃபயர்வோல் தடுக்கிறது, அல்லது ஒரு கணினியில் பழைய பதிப்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் 2.11.26 இருக்க வேண்டும்.

2020 பதிப்பில் புதிதாக வந்தவை

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 25 புதிய பாதைகள் வருகின்றன; அதே ஐந்து நிறங்கள், நிறத்துக்கு ஐந்து பாதை. ஆட்டம் இலவசமாகத் திறக்கும், எல்லாம் திறக்காது. வெளியானபோது ஸ்டாண்டர்ட் சந்தா ஆண்டுக்கு 10 டொலர், கிளப் சந்தா 30 டொலர். திட்டங்கள் மாறக்கூடியவை என்பதால் காசு கட்டுமுன் கடைப் பக்கத்தில் இன்றைய விலையையும், அதில் என்ன அடங்கும் என்பதையும் பாருங்கள். 2023 மே மாதம் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பனிக் கார் திரும்பி வந்தது. 2024இல் ராலிக் காரும் பாலைவனக் காரும். இருபது வருடத்துக்கு முந்தைய மூன்று கார்களும் இப்போது ஸ்டேடியத்துக்குள் ஓடுகின்றன. பழைய ஆட்டக்காரர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு காருக்கும் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருப்பது உண்மைதான்.

ஓட்டும் முறையை மாற்றியவை சின்ன அம்சங்கள்தான். ஃபொரெவரில் செக்பொயின்டுக்கு (பாதையின் நடுவே கடக்க வேண்டிய இடம்) திரும்பினால் கார் நின்ற நிலையிலிருந்து புறப்படும். 2020 பதிப்பில் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால், செக்பொயின்டைக் கடந்தபோது இருந்த அதே வேகத்தோடு கார் வீசப்படும். உடனே மறுபடி அழுத்தினால் நின்ற நிலை. கடினமான ஒரு வளைவை மட்டும் திரும்பத் திரும்பப் பழக முதலாவதைப் பயன்படுத்துங்கள். டிலீட் அழுத்தினால் ஓட்டம் தொடக்கத்துக்கே போய்விடும். விரல் மாறி அழுத்திவிட்டு ஆட்டத்தைத் திட்டுவது புதியவர்களின் வழக்கம்.

கீபோர்ட்டில் ஆடுவோருக்கு இன்னொரு வரம் ‘அக்ஷன் கீ’. 1 முதல் 4 வரையுள்ள எண்கள் ஸ்டியரிங்கை 20, 40, 60, 80 வீதத்துக்கு மட்டுப்படுத்தும். ஐஸ் பாதையில் முழுத் திருப்பம் கொடுத்தால் கார் உடனே சுழலும். 20இல் தொடங்கி, கார் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியதும் அந்தக் கோணத்தைச் சின்னச் சின்னத் தட்டல்களால் காத்துக்கொள்ளுங்கள். ஐஸிலிருந்து தார்ப் பாதைக்கு ஏறியதும் பிடி கிடைத்துவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். சில்லில் ஒட்டிய ஐஸ் சில செக்கன்களுக்குப் போகாது. அங்கே முழுத் திருப்பம் கொடுப்பவர்கள் சுவரில்தான் போய் முடிகிறார்கள்.

இணைப்பும் மின்சாரமும்

மூடுபனி சிக்னலைக் கெடுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். 4ஜி அலைவரிசையில் பனியால் வரும் இழப்பு கணக்கிலெடுக்கும் அளவுக்கு இல்லை. குறுக்கே நிற்கும் மலையும் தலைக்கு மேலுள்ள தகரமும்தான் மறிக்கின்றன. ரவுட்டரை அலுமாரிக்கு மேலே, தகரத்துக்கு நெருக்கமாக வைக்காதீர்கள். டவுன் பக்கமோ சிக்னல் கோபுரம் தெரியும் பக்கமோ உள்ள ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வோர் இடத்திலும் பிங்கை 50 தடவை அனுப்பிப் பாருங்கள். சராசரி 180 என்றாலும் சீராக இருந்து, ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் அந்த இடம் நல்லது. 90க்கும் 600க்கும் இடையில் குதித்து, மூன்று நான்கு தவறினால் ஆகாது.

கரண்ட் போனால் லேப்டொப் பற்றரியில் ஓடும், ரவுட்டர் செத்துவிடும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து (பெரும்பாலும் 12) அதே வோல்ட்டுக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள்.

அன்றாடக் கோப்பை

2020 பதிப்பில் நாள்தோறும் நடக்கும் இணையப் போட்டியான ‘கப் ஒஃப் த டே’ 2020 நவம்பரில் வந்தது. பாரிஸ் நேரம் மாலை 7 மணி, அதாவது நமக்குக் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. முதல் 15 நிமிடம் தகுதிச் சுற்று. பிறகு நேரத்தின்படி 64 பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரித்து, பின்தங்குவோர் சுற்றுக்குச் சுற்று வெளியேறும் நொக்அவுட். பாதையும் அதே மணிக்குத்தான் புதிதாக வெளிவருகிறது என்பதால் முன்கூட்டிப் பழக வழியில்லை. மெதுவான கணினியில் புதிய பாதை திறக்கும்போது பாதையில் விழும் ஒளி, நிழல்களைக் கணக்கிடவே நேரம் போய்விடும். அமைப்புகளில் அந்தத் தரத்தை முதல் நாளே குறைத்துவையுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் வீட்டிலுள்ள மற்ற ஃபோன்களின் வீடியோவையும் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நிறுத்துங்கள்.

தகுதிச் சுற்றில் முதலில் ஒரு பாதுகாப்பான நேரத்தைப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு துணியுங்கள். பதிவான நேரம் இணைப்பு போனாலும் நிற்கும். நொக்அவுட்டில் அந்தச் சலுகை இல்லை. பாதியில் அறுந்தால் முடிக்காதவர் கணக்கில் வெளியே போவீர்கள். ஆரம்பச் சுற்றுகளில் வேகத்தைவிடச் சுத்தமான ஓட்டம் போதும், ஏனென்றால் மோதி நிற்பவர்களே முதலில் கழிகிறார்கள்.

சொந்தப் பாதை

றம்பொடை வளைவுகளை நினைத்து ஒரு பாதை கட்டுவதானால், எளிய எடிட்டரில் தொடக்கம், செக்பொயின்ட், முடிவு மூன்றையும் முதலில் வைத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன் குறைந்தது மூன்று நேர்த்துண்டு விடாவிட்டால், ப்ரேக்கைத் தட்டி ட்ரிஃப்ட் (பக்கவாட்டுச் சறுக்கல்) தொடங்க இடமிருக்காது. வெளியிடுமுன் நீங்களே ஓடி முடிக்க வேண்டும். அந்த நேரமே ‘ஒதர்’ (பாதையை ஆக்கியவர்) பதக்கம். தங்கம் அதன் 1.06 மடங்கு, வெள்ளி 1.2, வெண்கலம் 1.5, 50 செக்கனில் ஓடினால் 53, 60, 75. அவசரத்தில் சோம்பலாக ஓடி வெளியிட்டால் எல்லாப் பதக்கமும் மலிந்துபோகும்.