பாங்காக்கின் சியாம் நிலையத்தைப் புரிந்துகொள்வது எப்படி: முதல்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பாங்காக் நகரின் மேம்பால ரயில் அமைப்பான பி.டி.எஸ்-இல் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடம் சியாம் நிலையம். முதல்முறை அங்கே இறங்குபவர்களில் பலர், இரண்டு தடங்களுக்கும் பச்சை நிறமே கொடுக்கப்பட்டிருப்பதாலும், நடைமேடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்களில் இருப்பதாலும், எந்தத் தளத்தில் எந்த வண்டி வரும் என்று தெரியாமல் எஸ்கலேட்டரில் ஏறியிறங்கித் திரும்புகிறார்கள். உண்மையில், மக்கள் மாறிச் செல்வதற்கென்று இவ்வளவு தெளிவாகத் திட்டமிடப்பட்ட நிலையங்கள் குறைவு. அதன் ஒழுங்கை ஒருமுறை புரிந்துகொண்டால் பலகையைத் தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள்.

படி 1: இந்த ரயில் ஏன் சாலைக்கு மேலே ஓடுகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

1990களின் தொடக்கத்தில் பாங்காக்கின் சாலை நெரிசல் உலகறிந்ததாக இருந்தது. உயர்த்தப்பட்ட ரயில்பாதை ஒன்றை அமைக்கக் கனடாவின் லாவலின் நிறுவனத்துடன் தீட்டப்பட்ட திட்டம் 1992-இல் கைவிடப்பட்டது. ஹாங்காங்கின் ஹோப்வெல் நிறுவனம் எடுத்துக்கொண்ட மற்றொரு பெரிய திட்டம், வரிசையாகக் கான்கிரீட் தூண்களை மட்டும் நிறுத்திவிட்டு நின்றுபோனது. மூன்றாவதாக வந்த பி.டி.எஸ் திட்டமே நிறைவேறியது. 1992-இல் பாங்காக் மாநகர நிர்வாகம் இதற்கான உரிமத்தைத் தனாயோங் என்னும் தனியார் நிறுவனத்துக்கு வழங்கியது. கட்டுமானத்தைச் சீமென்ஸும் இத்தாலியன்-தாய் நிறுவனமும் சேர்ந்து செய்தன.

நிலம் கையகப்படுத்தும் செலவையும் தாமதத்தையும் தவிர்க்க, மாநகரத்தின் கையில் ஏற்கெனவே இருந்த சாலைகளின் நடுவிலேயே ஒற்றைத் தூண்கள் எழுப்பப்பட்டு, அவற்றின்மேல் பாதை அமைக்கப்பட்டது. நிலையத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த முடிவுதான். சாலை எவ்வளவு அகலமோ, நிலையமும் ஏறத்தாழ அந்த அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். மன்னர் பூமிபோலின் 72ஆவது பிறந்தநாளான 1999 டிசம்பர் 5 அன்று, சுகும்வித், சீலோம் என்னும் இரு தடங்களும் ஒரே நாளில் திறக்கப்பட்டன.

படி 2: சாலையை வரையுங்கள்

தாளின் நடுவே இடமிருந்து வலமாக ஒரு நேர்கோடு போடுங்கள். அது முதலாம் ராமா சாலை. கோட்டின் வலது முனையில், அதாவது கிழக்கில், ராட்சபிரசோங் சந்திப்பையும், இடது முனையில் பாத்தும்வான் சந்திப்பையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையில் சியாம் நிலையத்தைக் குறியுங்கள்.

இனி வண்டிப் பாதைகள். சுகும்வித் தடம் கிழக்கிலிருந்து நேராக வந்து, சியாமைக் கடந்து, பாத்தும்வான் சந்திப்பில் வடக்கே பயா தாய் சாலைக்குத் திரும்புகிறது. சீலோம் தடமோ தெற்கிலிருந்து ராட்சதம்ரி சாலை வழியாக வந்து, ராட்சபிரசோங் சந்திப்பில் மேற்கே திரும்பி, சியாமைக் கடந்து நேஷனல் ஸ்டேடியம் நிலையத்தில் முடிகிறது. ஆக, இரண்டு சந்திப்புகளுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தொலைவில் மட்டும் இரண்டு தடங்களும் ஒரே சாலையின்மேல் ஓடியாக வேண்டும். நான்கு தண்டவாளப் பாதைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டால் சாலை முழுவதும் மூடிவிடும் என்பதால், இரண்டு பாதைகளை மேலும் இரண்டைக் கீழுமாக அடுக்கினார்கள்.

படி 3: தளங்களைக் கீழிருந்து மேலாக அடுக்குங்கள்

தாளின் மற்றொரு பக்கத்தில் நிலையத்தின் குறுக்குவெட்டை வரையுங்கள். அடியில் சாலை. அதற்கு மேலே டிக்கெட் தளம். டிக்கெட் இயந்திரங்களும் நுழைவுக் கதவுகளும் இங்கே இருக்கின்றன. வடக்குப் பக்கம் சியாம் சென்டர், சியாம் பாரகன் வணிக வளாகங்களுக்கும், தெற்குப் பக்கம் சியாம் ஸ்கொயருக்கும் இந்தத் தளத்திலிருந்தே செல்லலாம். தண்டவாளத்துக்கு அடியில் தொங்குவதுபோல் கிழக்கு நோக்கிச் செல்லும் நடைபாலம் அடுத்த நிலையமான சிட் லோம் வரை நீள்கிறது. மழையிலும் வெயிலிலும் அது பெரிய உதவி.

டிக்கெட் தளத்துக்கு மேலே கீழ் நடைமேடைத் தளம், அதற்கும் மேலே மேல் நடைமேடைத் தளம். இரண்டு தளங்களிலும் நடைமேடை நடுவில் இருக்க, தண்டவாளங்கள் இருபுறமும் ஓடுகின்றன. பாங்காக்கின் சாதாரண மேம்பால நிலையங்களில் தண்டவாளங்கள் நடுவிலும் நடைமேடைகள் இருபுறமுமாக இருக்கும். சியாமில் இது தலைகீழாக இருப்பதற்கான காரணம் அடுத்த படியில் விளங்கும். தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது மின்தண்டில் 750 வோல்ட் நேர்மின்சாரம் பாய்கிறது. அதனால்தான் தலைக்கு மேலே மின்கம்பிகளைக் காண முடிவதில்லை. இரண்டு அடுக்குகளைக் குறைந்த உயரத்தில் அமைக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு வசதி.

படி 4: எழுத்துகளைக் குறியுங்கள்

இதுவே மிக முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. சியாமின் குறியீடு ‘சி.இ.என்’, அதாவது மையம். அங்கிருந்து வடக்கே செல்லும் நிலையங்கள் ‘என்’ என்றும், கிழக்கே செல்பவை ‘இ’ என்றும், தெற்குக் கிளை ‘எஸ்’ என்றும், மேற்கே உள்ள ஒற்றை நிலையமான நேஷனல் ஸ்டேடியம் ‘டபிள்யூ 1’ என்றும் எண்ணிடப்பட்டுள்ளன. நீங்கள் வரைந்த நான்கு முனைகளிலும் இந்த எழுத்துகளை எழுதுங்கள்.

இப்போது குறுக்குவெட்டுப் படத்துக்கு வாருங்கள். மேல்தளத்தின் ஒருபுறம் ‘என்’ பக்கம் செல்லும் வண்டி, மறுபுறம் ‘டபிள்யூ’ பக்கம் செல்லும் வண்டி. கீழ்த்தளத்தின் ஒருபுறம் ‘இ’ பக்கம், மறுபுறம் ‘எஸ்’ பக்கம். இதைத் திசையாகச் சொன்னால், சியாமை விட்டு மேற்கு நோக்கிக் கிளம்பும் வண்டிகள் இரண்டும் மேலே. கிழக்கு நோக்கிக் கிளம்பும் வண்டிகள் இரண்டும் கீழே. தடத்தைப் பார்த்துத் தளம் பிரிக்கப்படவில்லை, திசையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை நிறத்தின் சாயலை வைத்துக் குழம்புபவர்கள் இதை மனத்தில் கொண்டாலே போதும்.

இதனால் கிடைக்கும் நன்மையை நேரில் பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். வடக்கிலிருந்து வரும் வண்டி கீழ்த்தளத்தில் நின்று கதவு திறக்கிறது. தெற்கே போக வேண்டியவர்கள் படி ஏறாமல், இறங்காமல், நடைமேடையின் அகலத்தை மட்டும் கடந்து எதிரே நிற்கும் வண்டிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். குழந்தையையும் பெட்டியையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! இதற்காகவே நடைமேடை நடுவில் வைக்கப்பட்டது.

எல்லாப் பயணங்களுக்கும் இந்த வசதி கிடைக்காது. வந்த பக்கத்துக்கே திரும்பிச் செல்பவர்கள் தளம் மாறியாக வேண்டும். கிழக்கிலுள்ள அசோக்கிலிருந்து (இ 4) தெற்கிலுள்ள சாலா டேங்குக்கு (எஸ் 2) செல்பவர் மேல்தளத்தில் வந்து இறங்கி, கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். வடக்கிலிருந்து நேஷனல் ஸ்டேடியத்துக்குச் செல்பவருக்கு இதுவே கீழிருந்து மேலாக அமையும்.

படி 5: பழைய பெயர்களைத் திருத்துங்கள்

வண்டியின் திசை எப்போதும் கடைசி நிலையத்தின் பெயராலேயே அறிவிக்கப்படுகிறது. தொடக்கத்தில் வடக்கு முனை மோ சிட், கிழக்கு முனை ஒன் நுட், தெற்கு முனை சபான் தாக்சின். இன்று அவை முறையே கூ கோட், கேஹா, பாங் வா. கேஹா வரையிலான நீட்டிப்பு 2018 டிசம்பரிலும், கூ கோட் வரையிலானது 2020 டிசம்பரிலும் திறக்கப்பட்டன. பழைய பயணக் குறிப்பை நம்பிச் சென்றால் பலகையில் அந்தப் பெயர் முனையமாக இருக்காது. ‘எஸ் 4’ என்னும் எண் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெறுமையாகவே விடப்பட்டு, 2021 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகே நிரம்பியது என்பதையும் படத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். இத்தனை முன்யோசனையோடு எண்ணிட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

படி 6: ஒரு பயணத்தைப் படத்தில் ஓட்டிப் பாருங்கள்

சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவிலுக்குச் சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரர்கள் அதை ‘வாட் கேக்’ என்பார்கள். விமான நிலைய ரயில் பயா தாய் நிலையத்தில் முடிகிறது. அது வேறு நிறுவனத்தின் வண்டி என்பதால், அங்கே வெளியே வந்து பி.டி.எஸ் டிக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். பயா தாய் ‘என் 2’; கேஹா செல்லும் வண்டியில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சியாம்.

வடக்கிலிருந்து வந்ததால் கீழ்த்தளத்தில் இறங்குவீர்கள். போக வேண்டியது ‘எஸ் 5’, சூராசக். அதே தளத்தின் எதிர்ப்புறம் சென்று பாங் வா வண்டியில் ஏறுங்கள். நுழைவுக் கதவைத் தாண்டி வெளியே போகாதீர்கள், மாறிச் செல்வதற்கு மறு டிக்கெட் தேவையில்லை. ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கி, சாத்தோன் சாலையிலிருந்து பிரியும் பான் சாலையில் நடந்தால், அது சீலோம் சாலையைத் தொடும் முனையில் கோபுரம் தெரியும்.

தரிசனம் முடிந்து விமான நிலையத்துக்கே திரும்புவதானால் ‘எஸ்’-இலிருந்து ‘என்’. சியாமில் மேல்தளத்தில் இறங்கி, எதிர்ப்புறத்தில் கூ கோட் வண்டியைப் பிடிக்க வேண்டும். அறை அசோக் பக்கம் இருந்தால் ‘எஸ்’-இலிருந்து ‘இ’. மேல்தளத்தில் இறங்கி, எஸ்கலேட்டரில் ஒரு தளம் கீழே வந்து, கேஹா வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.