மாடல் ரயில்: பாயின்ட்டுக்கும் சிக்னலுக்கும் ஒயர் இழுப்பது எப்படி

தண்டவாளம் போட்டு முடித்த கையோடு பாயின்ட்டை (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) திருப்பும் மோட்டார், சிக்னல் என்று எல்லாவற்றுக்கும் தண்டவாளக் கரண்டிலிருந்தே கிளை எடுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். டிசிசி (டிஜிட்டல் கட்டளையில் வண்டி ஓட்டும் முறை) லேஅவுட்டில் இன்ஜின் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் பாயின்ட்டில் ஏறி ஷார்ட் ஆனால் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டர் அதை நிறுத்திவிடும். ஷார்ட்டை எடுக்கப் பாயின்ட்டைத் திருப்ப வேண்டும், மோட்டாரும் அதே கரண்டில் ஓடினால் எப்படித் திருப்புவீர்கள்? அதனால் பாயின்ட்டுக்கும் சிக்னலுக்கும் தனியாக 12 வோல்ட் டிசி அடாப்டர், அதன் வெளியீட்டில் 1 ஆம்பியர் ஃபியூஸ். மூடிய அடாப்டராக வாங்குங்கள். 230 வோல்ட் ஒயர் பலகைக்கு அடியில் வரவே கூடாது.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. பெக்கோ மாதிரி காயில் மோட்டாருக்கு ஒரு நொடிகூட வேண்டாம், ஒரு தட்டு போதும். ஆனால் அந்தத் தட்டில் சில ஆம்பியர் இழுக்கும், பட்டன் ஒட்டிக்கொண்டால் காயில் கருகிவிடும். எனவே கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் இல்லாமல் அதை இணைக்காதீர்கள். அந்த யூனிட் சேமித்த கரண்டை ஒரே வீச்சில் விட்டுவிடும், பட்டனை அழுத்திப் பிடித்தாலும் மறுபடி நிரம்பாது. அதற்கு வேண்டிய வோல்டேஜ் வேறு, தனி டிரான்ஸ்ஃபார்மர் கொடுங்கள். டார்ட்டாய்ஸ் வகை மெதுவாக நகர்ந்து, முட்டி நின்ற பிறகும் 15 மில்லிஆம்பியர் அளவுதான் எடுக்கும், நாள் முழுக்க கரண்ட் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன், காரணம் அதற்குள்ளேயே இரண்டு செட் கான்டாக்ட் இருக்கிறது.

முதல் செட் ஃபிராக்குக்கு, அதாவது பாயின்ட்டில் இரண்டு உள் தண்டவாளங்களும் சேரும் V முனைக்கு. உலோக ஃபிராக் என்றால் அதற்குப் பின்னால் வரும் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுப் பிரித்துவிட்டு, மோட்டாரின் 4ஆம் முனையை ஃபிராக்குக்கும் 2, 3ஆம் முனைகளை இரண்டு வெளித் தண்டவாளங்களுக்கும் கொடுங்கள். இன்ஜின் ஏறியதும் ஷார்ட் ஆனால் 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்டால் சரி.

இரண்டாவது செட்டில்தான் சிக்னல். நிறைய பேர் பேனலில் இருக்கிற சுவிட்சிலிருந்தே சிக்னலுக்கும் ஒயர் எடுக்கிறார்கள், அது பார்க்கச் சுலபம்தான், ஆனால் மோட்டார் நகராமல் நின்றாலும் பச்சை எரியும். 5ஆம் முனை வழியாகக் கரண்ட் கொடுத்து 6இல் பச்சை, 7இல் சிவப்பு என்று எடுத்தால் மோட்டார் போன பிறகுதான் விளக்கு மாறும். நிஜ ரயிலில் பாயின்ட் சரியாகப் பூட்டாமல் சிக்னல் இறங்காது (வழி கொடுக்காது) என்கிற இன்டர்லாக்கிங்கின் சின்ன உருவம் இது. பிரிட்டனில் 1889ஆம் ஆண்டுச் சட்டம் பயணிகள் பாதைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஒன்று கவனியுங்கள், கான்டாக்ட் பாதி தூரத்திலேயே மாறிவிடும். பிளேடு (பாயின்ட்டில் நகரும் தண்டவாளத் துண்டு) ஒட்டியதை உறுதி செய்ய வேண்டும் என்றால் அதன் நுனியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வையுங்கள்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் இல்லாமல் 12 வோல்ட் காட்டினால் அந்த நொடியே போய்விடும். சிவப்புக்கு 2 வோல்ட் போக மீதி 10 வோல்ட், 1 கிலோஓம் போட்டால் 10 மில்லிஆம்பியர், கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். பச்சை கண்ணைக் கூசினால் 4.7 கிலோஓம் வரை ஏற்றுங்கள். நம்ம ஊர் இரட்டை மஞ்சள் சிக்னல் வைக்கிறவர்கள் ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள், பொதுவில் ஒன்று போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும்போது மங்கிவிடும்.

சால்டரிங் செய்யும்போது எல்லா அடாப்டரையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள், பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், உருகிய ஈயம் கீழேதான் சொட்டும். ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு முனையிலும் எண் ஒட்டுங்கள்.

கடைசியாக, வண்டி எதையும் வைக்காமல் தண்டவாளக் கரண்டைப் போட்டு, மூலை முடுக்கெல்லாம் ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் ஒயர் மெல்லிசு அல்லது இணைப்பு லூஸ். 5 ஆம்பியர் பூஸ்டர் அங்கே பிளாஸ்டிக் ஸ்லீப்பரை உருக்கிவிடும், எனவே அந்த இடத்துக்குத் தடித்த பஸ் ஒயரிலிருந்து (கரண்டைக் கொண்டுபோகும் முதன்மை ஒயர்) இன்னொரு ஃபீடர் (கிளை ஒயர்) இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.