மீடியம் ஃபார்மட் கேமராவில் கிரெயின் மிகுந்த கருப்பு-வெள்ளை ஃபிலிம்: முதல் ரோலைச் சோதிக்கும் முறை

120 ரோல் (மீடியம் ஃபார்மட்டுக்கான அகலமான ஃபிலிம்) போடும் கேமராவில் கிரெயின், அதாவது மணிமணியான சொரசொரப்பு, நன்கு தெரியும் படம் வேண்டும் என்பவர் முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 6×6 நெகட்டிவின் ஒரு பக்கம் ஏறத்தாழ 56 மி.மீ.; 35 மி.மீ. ஃபிலிமில் குறுகிய பக்கம் 24 மி.மீ. மட்டுமே. 10 அங்குலப் பிரிண்ட் போட முதலாவதை நாலரை மடங்கு பெரிதாக்கினால் போதும். இரண்டாவதைப் பத்தரை மடங்கு பெரிதாக்க வேண்டும். ஒரே ஃபிலிமை ஒரே டெவலப்பரில் கழுவினாலும், பெரிய நெகட்டிவிலிருந்து வரும் பிரிண்டில் கிரெயின் பாதி அளவுகூடத் தெரியாது. சிறிய கேமராவில் சொரசொரப்பாகத் தெரிந்த ஃபிலிம் மீடியம் ஃபார்மட்டில் மழமழவென்று வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். எனவே இங்கே கிரெயின் தானாக வராது. ஃபிலிம், ஒளியளவு, டெவலப்பர், பிரிண்டின் அளவு ஆகிய நான்கையும் அதற்கென்றே தேர்ந்தெடுக்க வேண்டும்.

120 அளவில் இதற்கு ஏற்றது இல்ஃபோர்ட் டெல்டா 3200. கோடக்கின் டி-மேக்ஸ் பி3200, 2018இல் மீண்டும் சந்தைக்கு வந்தபோது 35 மி.மீ. அளவில் மட்டுமே வந்தது. எச்பி5 பிளஸ் அல்லது டிரை-எக்ஸ் 400 ஃபிலிமை 1600 என்ற வேகத்துக்கு (ஒளியை உணரும் திறனுக்கு) உயர்த்திக் கழுவியும் கிரெயினைக் கொண்டுவரலாம். ஆனால் அப்போது கான்ட்ராஸ்ட் ஏறி நிழற்பகுதிகள் கறுத்துப்போகும். டெல்டா 3200 அதன் பெயரிலுள்ள எண்ணுக்குரிய வேகம் கொண்டதன்று. இல்ஃபோர்ட் நிறுவனத்தின் தகவல் தாளே அதன் உண்மையான வேகத்தை ஐஎஸ்ஓ 1000 என்றுதான் குறிப்பிடுகிறது. 3200 என்பது டெவலப் நேரத்தை நீட்டிப் பெறும் வேகம். மீட்டரில் 1600 வைத்து எடுத்து, 3200க்குச் சொல்லப்பட்ட நேரம் கழுவுவதையே நான் பரிந்துரைப்பேன். நிழலில் விவரம் நிற்கும். கிரெயினும் சேறாகக் குழம்பாமல் தனித்தனி மணியாகத் தெரியும்.

காவிரி டெல்டாவில் பலர் ரோலைச் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் உறவினர் மூலம் தருவித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு வேகமான ஃபிலிமை விமான நிலைய எக்ஸ்-ரேக்குள் அனுப்பக் கூடாது. பெட்டியில் போடாமல் கையில் வைத்திருந்து, கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். படம் எடுக்கும் நாளில் இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, உறையைப் பிரிக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்குக் குளிர்ந்த ஃபிலிமை உடனே பிரித்தால் அதன்மேல் நீர் பூத்துவிடும்.

கேமராவைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள் போதும். யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவின் மீட்டர் ஏஎஸ்ஏ 400 வரைதான் செல்லும். தனி லைட் மீட்டரோ செல்பேசிச் செயலியோ வேண்டும். அக்ஃபா கிளிக் போலப் பின்புறம் சிவப்பு ஜன்னல் உள்ள பழைய கேமரா என்றால், அந்த ஜன்னலின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, ரோலை நகர்த்தும்போது மட்டும் நிழலில் நின்று விலக்கிப் பாருங்கள்.

அடுத்தது வெயில். தஞ்சாவூரின் நண்பகல் வெயிலில் 3200 வேகத்துக்கு லென்ஸின் திறப்பை எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/3200 நொடி வேண்டும். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை 1/500ஐத் தாண்டுவதில்லை. எஃப் 22க்கு மூடினாலும் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) ஒளி கூடிவிடும். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் போடலாம். ஆனால் இந்த ஃபிலிமை வெட்டவெளி வெயிலுக்குச் செலவிடுவதில் பயனில்லை என்பதே என் கருத்து. கருங்கல் சிற்பத்துக்கும் இது வேண்டாம். தாராசுரத்துத் தூண்களில் உள்ள நுண்ணிய செதுக்கு வேலையைக் காட்ட மென்மையான ஃபிலிம்தான் தேவை. கல்லின் சொரசொரப்பும் ஃபிலிமின் கிரெயினும் ஒன்றோடொன்று மோதினால் இரண்டுமே தெளிவாகத் தெரியாது.

ஒரே சீரான நடுச்சாம்பல் பரப்பில்தான் கிரெயின் அதிகம் கண்ணுக்குப் படும். மார்கழி விடியலில் சம்பா வயலின் மேல் நிற்கும் பனி அப்படிப்பட்ட பரப்பு. மீட்டர் பனியின் வெண்மையைக் கண்டு குறைவான ஒளியைச் சொல்லும். அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள். வரப்பு, ஒற்றைப் பனைமரம், சைக்கிளில் போகும் ஒருவர் என ஒரே ஒரு கறுத்த வடிவம் படத்தில் இருந்தால் போதும்.

இந்த ஃபிலிம் முழுமையாகப் பயன்படும் இடமாக நான் கருதுவது சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகளும் நாச்சியார்கோவிலின் குத்துவிளக்குப் பட்டறைகளும்தான். உலோகம் ஊற்றும் நேரத்தில் வெளிச்சம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: ஒன்று வாசல், மற்றொன்று உலை. உலையின் வாயை மீட்டர் பார்த்தால் தவறான எண் கிடைக்கும். பட்டறைக்காரரின் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, கையை மட்டும் அளந்து, மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் திறந்துகொள்ளுங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பானது. பகலில் கூரை வேய்ந்த கொட்டகைக்குள் 1600 வேகத்துக்கு 1/60, எஃப் 4 என்ற அளவு வாசலை ஒட்டிக் கிடைக்கக்கூடும். 80 மி.மீ. லென்ஸில் எஃப் 4 என்றால் அருகில் ஃபோகஸ் விலகினால் கண்கள் மங்கிவிடும். ஆகவே மண்ணில் புதைத்த கருவின் (வார்ப்பு அச்சின்) வாயில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்து, மூசையை (உலோகம் உருக்கும் கலத்தை) சாய்க்க ஆள் குனியும் கணத்துக்குக் காத்திருங்கள். கழுத்துப் பட்டை இறுகும்படி கேமராவை வயிற்றோடு அழுத்திப் பிடித்தால் 1/30கூடக் கையில் நிற்கும். உருகிய உலோகம் ஃபிலிமில் வெறும் வெள்ளையாக வருவதை அப்படியே விட்டுவிடுங்கள். காப்பாற்ற வேண்டியது முகத்தையும் முன்கையையும்தான். பட்டறையின் பெரியவரிடம், ‘ஐயா, ஊத்துறப்போ எங்க நின்னா உங்களுக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு, அவர் காட்டும் இடத்திலேயே நில்லுங்கள்.

இனி முதல் ரோலைச் சோதிக்கும் முறை. 6×6 கேமராவில் 12 படங்கள். முதல் ஐந்து படங்களில் ஒரே காட்சியை 400, 800, 1600, 3200, 6400 என ஐந்து வேகங்களுக்கும் உரிய ஒளியளவில் எடுங்கள். ஆறாவதையும் ஏழாவதையும் லென்ஸை மூடிக்கொண்டு வெறுமனே கடத்துங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை அதே காட்சி, அதே வரிசை. ஒளி மாறாத இடம் வேண்டும். வடக்குப் பார்த்த திண்ணையில், வெள்ளைத் துண்டும் கறுப்புக் குடையும் அருகருகே இருக்க ஒருவரை உட்காரவைத்தால் வெளுப்பு, கறுப்பு, தோல் மூன்றும் கிடைத்துவிடும்.

120 ஃபிலிமின் நீளம் 82 செ.மீ. அளவில் இருக்கும். 41 செ.மீ. நீளமுள்ள ஒரு நூலை வெட்டி, கத்தரிக்கோலுடன் சேஞ்சிங் பேக்கில் (ஒளி புகாத பையில்) வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்த ரோலைப் பிரிக்கும்போது ஒட்டாத முனை, அதாவது 12ஆம் படத்தின் பக்கம், முதலில் கைக்கு வரும்; டேப் ஒட்டிய முனை கடைசியில் வரும். டேப்பை வெடுக்கென்று பிய்த்தால் எழும் சிறு பொறியே ஃபிலிமில் பதிந்துவிடும் என்பதால் மெதுவாக உரியுங்கள். நூலளவில் வெட்டினால் கத்தரி வெற்றுப் படங்களின் நடுவில்தான் விழும். வெட்டிய ஓரத்திலிருந்து விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள். டெவலப் டேங்கின் ரீலும் கையும் காய்ந்திருக்க வேண்டும். வியர்வை பட்ட பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதியிலேயே சிக்கி நிற்கும்.

ஒரு பாதியை இல்ஃபோடெக் டிடி-எக்ஸ் போன்ற மென்மையான டெவலப்பரிலும், மறு பாதியை ரோடினாலிலும் கழுவுங்கள். ஐடி-11, டி-76 வகை டெவலப்பர்களில் உள்ள சோடியம் சல்ஃபைட் வெள்ளி மணிகளின் ஓரத்தைச் சற்றுக் கரைத்து மழுக்கும். 1891 முதல் புழக்கத்தில் உள்ள ரோடினால் அவ்வாறு கரைப்பதில்லை, ஆகவே ஒவ்வொரு மணியும் கூர்மையாக நிற்கும். ரோடினாலில் நிழலின் வேகம் குறையும். முகத்துக்கு டிடி-எக்ஸையும், பனிக்கும் ஆற்று மணலுக்கும் ரோடினாலையும் நான் தேர்வேன்.

தண்ணீர்தான் இங்கே பெரிய தொல்லை. தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. சித்திரையில் நம் மேல்தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மண்பானையில் இரவு முழுவதும் வைத்தால் சில டிகிரி இறங்கும். மீதிக்கு, டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்துங்கள். 24 டிகிரியில் நிலைநிறுத்தினால் போதும்: டிடி-எக்ஸ் 1+4 கரைசலில் (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்) 3200க்குரிய ஒன்பதரை நிமிடம் அப்போது ஏறத்தாழ ஆறரை நிமிடமாகும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக டெவலப் ஆகும். ஸ்டாப் பாத் (டெவலப்பை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் எல்லாம் அதே சூட்டில் இருக்கட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு நிலத்தடி நீர் உள்ளவர்கள் டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள்.

எடுத்துவைத்த சிறு துண்டை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, அது தெளிய எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். அதன் இரு மடங்கே உங்கள் ஃபிக்ஸ் நேரம்.

பத்துப் படங்களையும் கான்டாக்ட் ஷீட்டில் (நெகட்டிவின் அளவிலேயே எடுக்கும் பிரிண்டில்) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த அளவில் கிரெயின் தெரியாது. 35 மி.மீ. ஃபிலிமின் 10 அங்குலப் பிரிண்டில் தெரியும் அதே கிரெயினை 6×6 நெகட்டிவில் காண 23 அங்குலத்துக்கும் மேலே பெரிதாக்க வேண்டும். அவ்வளவு பெரிய தாளைச் செலவிடாமல், என்லார்ஜரை அந்த உயரத்துக்கு ஏற்றி, முகம் விழும் பகுதியை மட்டும் 5×7 தாளில் எடுத்து, பின்புறம் வேகத்தையும் டெவலப்பரையும் பென்சிலால் எழுதி, எல்லாவற்றையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்து, கறுப்புக் குடையின் மடிப்பு எந்த வேகம் வரை தெரிகிறது என்று பாருங்கள். அது தெரியும் கடைசி எண்ணே உங்கள் கேமராவுக்கும் உங்கள் தண்ணீருக்கும் உரிய வேகம். இரண்டாவது ரோலை அந்த எண்ணில் முழுமையாக எடுக்கலாம்.