சனிக்கிழமை மாலை அரை மணி நேரம்: வாசிப்பின் வழியே திருப்பலிக்குள் செல்லத் தொடங்குவோருக்கு

கத்தோலிக்கரின் ஞாயிறு வழிபாடான திருப்பலி முடிந்து ஆலய வாசலுக்கு வருவதற்குள், அங்கே விவிலியத்திலிருந்து வாசிக்கப்பட்ட முதல் வாசகம் எந்த நூலிலிருந்து வந்தது என்பதே மறந்துபோகும் நிலை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் பல ஆண்டுகள் அப்படியே கழிந்தன. முன்பின் தெரியாத ஒரு பகுதியை ஒரே ஒரு முறை ஒலிபெருக்கியில் கேட்டு மனத்தில் இருத்துவது எவருக்கும் கடினம். அதே பகுதியை முந்தைய மாலை வீட்டில் வாசித்துவிட்டுச் சென்றால், மறுநாள் பழகிய ஒருவரின் குரலைக் கேட்பதுபோல் அது காதில் விழுகிறது. இந்த ஒரு பழக்கத்தை எப்படித் தொடங்குவது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாசகம் என்று கண்டறிதல்

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், ஒரு குறிப்பேடு, வாசக எண்கள் அச்சிடப்பட்ட ஒரு கத்தோலிக்க நாள்காட்டி ஆகிய மூன்றும் போதும். திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருகின்றன. ஆண்டின் எண்ணை மூன்றால் வகுத்து மீதி ஒன்று வந்தால் அது முதல் ஆண்டு, மத்தேயு நற்செய்திக்குரியது. இரண்டு வந்தால் மாற்கு. மீதியே இல்லையென்றால் லூக்கா. 2025 லூக்காவின் ஆண்டு. அவ்வாண்டின் இறுதியில் வந்த திருவருகைக்காலத்தோடு தொடங்கிய 2026 மத்தேயுவின் ஆண்டு. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை என்றாலும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்திலும் அதைத் தொடரும் பாஸ்கா காலத்திலும் அவருடைய நற்செய்தியே பெரிதும் ஒலிக்கிறது. மாற்குவின் ஆண்டில் யோவான் ஆறாம் அதிகாரம் ஐந்து ஞாயிறுகளுக்குத் தொடர்ந்து வாசிக்கப்படுகிறது.

இரண்டாம் படி: நற்செய்தியிலிருந்து பின்னோக்கி வாசித்தல்

ஆலயத்தில் நற்செய்தி கடைசியாக வருகிறது. வீட்டில் அதை முதலில் வாசியுங்கள். விவிலியத்தின் கருவூலங்கள் இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவைக்கப்பட வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் கேட்டுக்கொண்டது. அதன் பயனாக 1969-இல் வாசகங்களுக்குப் புதிய ஒழுங்கு அமைக்கப்பட்டது. மேற்சொன்ன சிறப்புக் காலங்களைச் சேராத பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பதிலுரைப் பாடல் அந்த முதல் வாசகத்துக்கு நாம் தரும் மறுமொழி. இரண்டாம் வாசகமோ புதிய ஏற்பாட்டின் மடல்களான திருமுகங்களில் ஒன்றை வாரந்தோறும் தொடர்ந்து வாசித்துக்கொண்டே தன் வழியில் செல்லும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முயன்று சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்; தொடக்கத்தில் இரண்டாம் வாசகத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: வெட்டப்பட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். லூக்கா ஆண்டின் பொதுக்காலம் 28-ஆம் ஞாயிறை எடுத்துக்கொள்வோம். நற்செய்தி லூக்கா 17:11-19; பத்துத் தொழுநோயாளர் நலம் பெறுகின்றனர், ஒருவர் மட்டும் திரும்பி வருகிறார், அவர் ஒரு சமாரியர். முதல் வாசகம் 2 அரசர் 5:14-17. சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமான் யோர்தானில் மூழ்கி எழுந்து நலம் பெறுகிறார். இருவருமே அயலார், இருவருமே நலம் தந்தவரிடம் திரும்பி வந்தவர்கள் என்பது இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த உடனேயே புலப்படும்.

ஆனால் ஆலயத்தில் வாசிக்கப்படுவது நான்கு வசனங்கள் மட்டுமே. அதிகாரத்தின் தொடக்கத்துக்குச் சென்றால், சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஓர் இஸ்ரயேல் சிறுமி, தன்னை அடிமையாக்கிய வீட்டின் தலைவர் நலம் பெற வேண்டுமென்று விரும்பி இறைவாக்கினரைப் பற்றிச் சொன்னதிலிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது என்று தெரிகிறது. வெள்ளியும் பொன்னும் பத்துப் புத்தாடைகளும் சுமந்து வந்த நாமான், அந்த இறைவாக்கினரான எலிசா வெளியே வந்து தம்மைப் பார்க்காமல் ஏழு முறை ஆற்றில் மூழ்கச் சொல்லி ஆளனுப்பியதால் சினம் கொண்டு திரும்பிப் போகப் பார்க்கிறார். அவரைத் தடுத்துப் பேசி ஆற்றுக்கு அனுப்புபவர்கள் அவருடைய வேலைக்காரர்கள். இவ்வளவையும் வாசித்தவருக்கு, “மூழ்கி எழுந்தார்” என்ற ஒரு சொல் ஞாயிறன்று எவ்வளவு கனமாக ஒலிக்கும் என்பதை வாசித்துப் பார்த்தே உணர முடியும்.

இன்னும் ஒன்று. திரும்பி வந்த சமாரியர் இயேசுவுக்கு நன்றி செலுத்தினார் என்னுமிடத்தில் லூக்கா கையாளும் கிரேக்க வினைச்சொல்லே, இறுதி இரவுணவில் இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் என்னுமிடத்திலும் வருகிறது. நாம் நற்கருணை என்று அழைப்பதன் கிரேக்கப் பெயரான எயுக்கரிஸ்தியா என்பதற்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். “நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்” என்று குருவானவர் அழைக்கும்போது, திரும்பி வந்த அந்த ஒருவரின் இடத்தில் நாம் நிற்கிறோம் என்று நான் முதன்முதலாக உணர்ந்தது இந்த வாசிப்பினால்தான்.

நான்காம் படி: மாறாத மன்றாட்டுகளின் ஊற்றைத் தேடுதல்

வாரம் ஒன்று போதும். “தூயவர், தூயவர்” என்னும் பாடலின் தொடக்கம் எசாயா 6:3-இல் சேராபீன்களின் வாயிலிருந்து வருகிறது. நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் சொல்லும் “நான் தகுதியற்றவன்” என்பது, தம் பணியாளருக்காக இயேசுவிடம் மன்றாடிய நூற்றுவர் தலைவரின் சொல். மத்தேயு 8:5-13 முழுவதையும் வாசித்துவிட்டு ஒரு ஞாயிறு அந்தச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். அப்பமும் கிண்ணமும் பற்றிய இயேசுவின் சொற்களைப் பவுலின் எழுத்தில் 1 கொரிந்தியர் 11:23-26 பகுதியில் காணலாம். கூடி வந்து வாசித்துக் கேட்பதும் பிறகு அப்பத்துக்காக நன்றி செலுத்துவதும் எவ்வளவு பழமையானவை என்று அறிய விரும்புவோர், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியில் 1345-ஆம் எண்ணைப் பார்க்கலாம், கி.பி. 155-ஐ ஒட்டி மறைச்சாட்சியான புனித யுஸ்தின் ரோமைப் பேரரசருக்கு ஞாயிறு வழிபாட்டை விளக்கி எழுதியது அங்கே தரப்பட்டுள்ளது.

ஐந்தாம் படி: வாசித்ததைச் செபமாக்குதல்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ, வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைவனில் இளைப்பாறும் ஆழ்ந்த அமைதி என்று நான்கு படிகள் கொண்ட ஏணியை விவரித்தார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மென்று அரைக்கிறது, மன்றாட்டு அதன் சுவையைப் பெறுகிறது என்பது அவர் தரும் விளக்கம். நடைமுறையில், பகுதியை இரண்டாம் முறை வாய்விட்டு வாசித்து, மனம் தங்கும் ஒரு சொற்றொடரில் நின்றுவிடுங்கள். மேற்கண்ட ஞாயிறாக இருந்தால், “மற்ற ஒன்பது பேர் எங்கே?” என்ற கேள்வி போதும். அதை மெதுவாகச் சில முறை சொல்லிவிட்டு, நன்றி சொல்லாமல் விட்ட ஒன்றை இறைவனிடம் உங்கள் சொந்தப் பேச்சிலேயே சொல்லுங்கள். அதன்பின் ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் இருங்கள். குறிப்பேட்டில் தேதியும் அந்த ஒரு வரியும் மட்டும் இருக்கட்டும்.

சில மாலைகளில் ஒன்றும் ஓடாது. அப்போது பதிலுரைப் பாடலை மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். அடுத்த நாள் அதே பாடலைச் சபையோடு சேர்ந்து சொல்லப் போகிறீர்கள்.

ஆறாம் படி: ஆலயத்தில் கேட்டல்

வீட்டில் வாசித்த பின், ஆலயத்தில் வாசகர் வாசிக்கும்போது அச்சிட்ட தாளைப் பின்தொடர வேண்டியதில்லை. கண்களை வாசகமேடை மீது வைத்து, நேற்று நின்ற அந்தச் சொற்றொடர் வரும் இடத்துக்காகக் காத்திருங்கள். குருவானவரின் மறையுரை நீங்கள் நினைத்திராத வேறொரு வரியை எடுத்துக்கொண்டால் அதையும் குறிப்பேட்டில் சேர்த்து எழுதி, திங்கள் காலைச் செபத்தில் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து ஒருமுறை வாசியுங்கள்.