மழை விட்டதும் பழைய சுவரெழுத்தைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் வெள்ளையடித்து மறைக்கப்பட்ட பழைய சுவரோவியங்களையும் சுவர் விளம்பரங்களையும் காண விரும்புவோர், ஐப்பசி, கார்த்திகை மழை விட்டவுடன், சுவர் உலர்வதற்குள் தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும். உலர்ந்த சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகளில் காற்று நிறைந்திருப்பதால் ஒளி சிதறி, வெண்மை அடியில் உள்ளதை மறைத்துவிடுகிறது. அத்துளைகளில் நீர் புகுந்ததும் சிதறல் குறைந்து, பூச்சு ஓரளவு ஊடுருவித் தெரியும் தன்மையைப் பெறுவதால், கீழே கிடக்கும் பீடி விளம்பரமோ பழைய தேர்தல் சின்னமோ மங்கலாக மேலெழுந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் சாரல் பெரும்பாலும் வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களில் அடிப்பதால், அவற்றிலிருந்து தொடங்கினால் வீண் அலைச்சல் குறையும். கறுப்பும் அடர்நீலமும் நன்கு தெரியும். மஞ்சளை நம்ப வேண்டாம். பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931-இல் கண்டறியப்பட்ட வட்டாரம் இது என்பதால், ஒரு படத்தின் கீழ் இன்னொன்றைத் தேடுவது இங்கே விந்தையான பழக்கமன்று.

எமல்ஷன் பூசிய சுவர்களிலும், புதிதாகச் சிமெண்டு பூசிய அல்லது ஓடு பதித்த சுவர்களிலும் இந்த வழி பயன்படாது. அண்மையில் தீட்டப்பட்ட ஓவியங்களுக்கு மழை தேவையில்லை. அவற்றின் முன் வண்டிகள் நிறுத்தப்படாத விடியற்காலையே போதும். மழை வராத நாளில் குடத்து நீரை நாமே ஊற்றிப் பார்ப்பது கூடாது, ஏனெனில் பிடிப்பு இழந்த பழைய வண்ணம் நீரோடு உதிர்ந்துவிடும். தவிரவும், சுவர் பிறருடையது.